மூன்று நாளில் இருபது கிராம்

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று ஏதோ ஓர் இதயக் குறையோடு பிறக்கிறது. பலருக்கு அது தானாகவே சரியாகிவிடும் அளவுக்குச் சின்னது. எங்கள் மகளுக்கு இருந்தது அந்தச் சின்ன ரகம் இல்லை. இருபதாவது வார ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள்: 'ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் சிண்ட்ரோம்'. உடம்புக்கு ரத்தம் அனுப்ப வேண்டிய இடது கீழறை வளரவே இல்லை. வலது கீழறை ஒன்றைத்தான் நம்பியாக வேண்டும்.

இதற்கு மூன்று கட்டமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பிறந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் நார்வுட், நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் க்ளென், பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ஃபான்டன். 1980களின் தொடக்கத்தில் டாக்டர் வில்லியம் நார்வுட் முதல் கட்டத்தைச் செய்து காட்டும்வரை இந்தக் குழந்தைகளுக்கு வழியே இருக்கவில்லை.

ஆபரேஷன் டாக்டர்கள் கையில். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வீட்டில் இருக்கும் மாதங்கள் நம்ம கையில். அந்த மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாவது வாரம் நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்டுக்கு அவளைக் கொண்டுவந்தோம். கூடவே கிராம் கணக்கு காட்டும் எடைக் கருவி, ஆக்ஸிஜன் அளக்கும் ஆக்ஸிமீட்டர், ஒரு நோட்டு. தினமும் காலையில் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்பு, துணியில்லாமல் எடை பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 75-க்குக் கீழே போனால் உடனே போன். ஒரே நாளில் 30 கிராம் குறைந்தாலும் போன். மூன்று நாளில் 20 கிராமாவது ஏறாவிட்டாலும் போன். இவை எங்களுக்குக் கொடுத்த எல்லைகள்; உங்கள் மருத்துவமனை வேறு எண் தரலாம். விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் 2000-ல் தொடங்கிய முறை இது. வீட்டிலேயே இப்படிக் கண்காணித்த குழந்தைகள் கூடுதலாகப் பிழைப்பது தெரிந்ததும் மற்ற மருத்துவமனைகளும் பின்பற்றின.

இப்படிப்பட்ட குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரிய உழைப்பு. நாலு வாய் குடித்ததும் நெற்றி வேர்க்கும், கண் சொக்கும். மனைவி பம்ப் செய்த பாலில் அளவாக ஃபார்முலா பவுடர் கலந்து கலோரி ஏற்றுவாள். இருபது நிமிஷம் வாயால், மீதி மூக்குக் குழாயால். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்.

அந்த வாரமே கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தார். மூன்று பிள்ளை வளர்த்தவர். பையில் வசம்பு, விளக்கெண்ணெய், காலை நீட்டிக் குளிப்பாட்ட ஒரு பழைய புடவை. நான் என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வீடியோ காலில் படம் வரைந்து காட்டினார், நான் தமிழில் சொன்னேன்: நெஞ்செலும்பு கூடும்வரை கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. அம்மா கேட்டுவிட்டு, "பூவ அள்ளற மாதிரி அள்ளணும், அவ்ளோதானே?" என்றார். வசம்பு பைக்குள்ளேயே போனது. நோட்டை அம்மா எடுத்துக்கொண்டார். 'காலை 6. பால் 60. குடிச்சது 35. குழாய் 25.' எல்லாம் தமிழில்.

ஏழாவது வாரம் ஒரு காலை, அம்மா நோட்டோடு வந்தார். "தம்பி, மூணு நாளா பத்து கிராம்தான் ஏறியிருக்கு."

"நல்லாத்தானேம்மா இருக்கா? ஆக்ஸிஜன் எழுபத்தொம்போது."

"சிரிக்கத்தான் செய்யறா. ஆனா அவங்க இருபதுன்னுல்ல சொன்னாங்க? ஒரு போன் போட்டுடு."

போன் போட்டேன். உடனே வரச் சொன்னார்கள். எக்கோவில் பார்த்தால், முதல் ஆபரேஷனில் சரிசெய்த மகாதமனி வளைவு மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தது. நார்வுட்டுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். கால் ரத்தக் குழாய் வழியாக பலூன் அனுப்பி விரித்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எடைதான் காட்டிக்கொடுத்தது. ஐந்து மாதம் முடியும்போது க்ளென் நல்லபடியாக நடந்தது.

இதே பாதையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள்:

அமெரிக்காவில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்திருந்தால், பொதுவாக எஃப்எம்எல்ஏ சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு. எச்-1பி-யில் இருப்பவர்களுக்கும் உண்டு. குழந்தையின் உடல்நிலைக்காக என்றால் பிரித்துப் பிரித்தும் எடுக்கலாம். நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும்.

மூன்று வயதுக்குள் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் 'எர்லி இன்டர்வென்ஷன்' மதிப்பீடு இலவசம். நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.

வாந்தி, பேதி என்றால் காத்திருக்காதீர்கள். உடம்பில் நீர் குறைந்தால் உள்ளே வைத்த சின்னக் குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பாட்டி தாத்தாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் தங்க அனுமதி. டிக்கெட்டைப் பிரசவ தேதிக்குப் போடாமல், குழந்தை வீட்டுக்கு வரும் சமயத்துக்குப் போடுங்கள். கிளம்புமுன் ஃப்ளூ, கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

நண்பர்களுக்கு: குழந்தையைப் பார்க்க வர வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பில்டிங்கில் இட்லி மாவும் ரசமும் கதவுக் கைப்பிடியில் தொங்கும், பிறகு ஒரு மெசேஜ் வரும். "சரியாயிடுச்சா?" என்று யாரும் கேட்கவில்லை. "இன்னிக்கு எவ்ளோ குடிச்சா?" என்று கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இருந்தது.

இது முற்றிலும் குணமாகும் நோய் இல்லை. வாழ்நாள் முழுக்க இதய மருத்துவரிடம் போக வேண்டும். மகளுக்கு இப்போது இரண்டரை வயது. சோபா மேல் ஏறி, மூச்சு வாங்கினால் தானாகவே உட்கார்ந்துகொள்கிறாள். ஃபான்டன் அடுத்த வசந்தத்தில். அம்மாவின் டிக்கெட்டை அவள் வீடு திரும்பும் வாரத்துக்குத்தான் போடப் போகிறோம்.