சைக்கிள்தானே, என்ன நடக்கப்போகுது?

“இரத்தம் வரேல்லைத் தம்பி. தலையைத் தடவித் தடவிப் பார்த்தனான். ஒரு கீறல்கூட இல்லை. அதாலதான் படுக்க விட்டனான்.”

மச்சாள் இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. செத்த வீட்டில் சொன்னார். எட்டுச் செலவன்று சொன்னார். ஒரு வருடம் கழித்துத் திவசத்துக்குப் போனபோதும், தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அதையேதான் சொன்னார்.

அவருடைய கணவர் என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணா. விசுவமடுவில் தோட்டம் செய்தவர். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குள் சும்மா நின்றது. எல்லோரையும்போல அவரும் பழைய சைக்கிளைக் கழுவி, ரியூப் மாற்றி, எண்ணெய் விட்டு எடுத்தார். பின்னேரங்களில் தவறணைக்கும் அதில்தான் போய் வந்தார். மோட்டார் சைக்கிளில் போனால் பொலிஸ் மறித்து ஊதச் சொல்லும் என்ற பயம் முன்பு அவருக்கு இருந்தது. சைக்கிளில் அந்தப் பயமும் இல்லாமல் போனது. “இது சைக்கிள்தானே, என்ன நடக்கப்போகுது?” என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னவர்.

ஒருநாள் இரவு எட்டரை மணியளவில் மதகடியில் விழுந்து கிடந்தார். அந்த வழியால் வந்த இரண்டு பெடியள் தூக்கி, அவருடைய சைக்கிளின் கரியரிலேயே இருத்தி, ஒருவர் உருட்ட மற்றவர் பிடித்துக்கொண்டு வீட்டில் விட்டார்கள். அவர் நன்றாகக் கதைத்தார். ஒரு செருப்பைக் காணவில்லை என்று தேடினார். சாப்பாடு வேண்டாம் என்றார். ஒருமுறை சத்தி எடுத்தார். பிறகு படுத்தார். பலமாகக் குறட்டை விட்டார். விடிய நாலு மணிக்கு மச்சாள் எழுப்பியபோது அவர் எழும்பவில்லை. ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருந்ததைக் கைவிளக்கு வெளிச்சத்தில் மூத்த மகள்தான் கண்டாள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றி, இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் கட்டியிருந்தது என்று பிரேத பரிசோதனையின் பின் சொன்னார்கள். அடுத்த நாள் செய்தி இரண்டு வரியில் வந்தது: மதுபோதையில் சைக்கிளில் சென்றவர் மதகில் வீழ்ந்து பலி. இப்படியான இரண்டு வரிச் செய்திகளை நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘மதுபோதையில்’ என்ற சொல்லோடு வாசிப்பவருக்கு விசயம் முடிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் முடிந்திருந்தது, அண்ணா விழும்வரை.

அதன்பிறகு எனக்குத் தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடிக்கக்கூடாது என்று புத்தி சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஏன் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடினால் வருகிற காட்சிகளுக்குப் பயந்து, நித்திரைக்காகக் குடிப்பவர்களிடம் ‘குடியை விடு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது இலகு.

முதலில் கணக்கு. கள்ளு ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர், நூற்றுக்கு ஐந்து வீதம் மதுசாரம் என்று வைத்தால் அதில் கிட்டத்தட்ட 30 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. காலையில் இறக்கிய கள்ளு பொழுதுபட இன்னும் புளித்து ஏறியிருக்கும். சாராயம் என்றால் 180 மில்லிலீற்றர் கால் போத்தலிலேயே 47 கிராமளவு வரும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதை வெறும் வயிற்றில் கெதியாகக் குடித்தால், அவருடைய 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 110 மில்லிகிராமளவு மதுசாரம் சேரும். இலங்கையில் மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்கான எல்லை 80 மில்லிகிராம். கசிப்புக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதில் எத்தனை வீதம் என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

ஏறியது இறங்க நேரம் எடுக்கும். ஈரல் மணிக்கு 15 மில்லிகிராமளவுதான் குறைக்கும். அந்தக் கால் போத்தல் முழுதாக இறங்க ஏழு மணித்தியாலம் வேண்டும். அரைப் போத்தல் என்றால் அடுத்த நாள் மத்தியானம். விடிய ஆறு மணிக்கு ‘வெறி முறிஞ்சிட்டுது’ என்று வயலுக்குச் சைக்கிள் மிதிப்பவரின் உடம்பில் அப்போதும் எல்லைக்கு மேல் இருக்கலாம். தேசிக்காய்ப் புளி, மோர், தலையில் நாலு வாளித் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. குளித்த வெறிகாரன் ஈரமான வெறிகாரன், அவ்வளவுதான்.

மோட்டார் வாகனம்தான் ஆபத்து, சைக்கிள் மெதுவாகப் போவதுதானே என்பது அண்ணாவின் வாதம். மற்றவர்களைக் கொல்வதைப் பொறுத்தவரை அது சரி. ஓட்டுபவரைப் பொறுத்தவரை சரியில்லை. நாலு சில்லு வாகனம் தானாக நிற்கும். சைக்கிளை நாங்கள்தான் ஒவ்வொரு கணமும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹாண்டிலைச் சிறிது திருப்பி நிமிர்த்துகிறோம். யோசிக்காமலே செய்கிறோம். பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையும் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பும் சேர்ந்து அதைச் செய்கின்றன. மதுசாரம் இந்த இரண்டையும் குழப்பும். படுக்கையில் கிடக்கும்போதுகூடக் கூரை சுற்றுவது அதனால்தான். மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைப்பதும் பிழை. சைக்கிள் மெதுவாகப் போகப்போகத்தான் கூட ஆடும். கவனமாக, ஆறுதலாகப் போகிறேன் என்று நினைக்கும் வெறிகாரர்தான் வீதியின் நடுப்பக்கம் வரை பாம்புபோல் வளைந்து போகிறார்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் சைக்கிளில் விழுந்தும் அடிபட்டும் இறந்தவர்களையும் கடுமையாகக் காயப்பட்டவர்களையும், அதேபோன்ற இடங்களில் சைக்கிளில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2001இல் வெளிவந்தது. இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து இருபது மடங்கு. 20 மில்லிகிராமைத் தாண்டினாலே ஐந்து மடங்குக்கு மேல். அங்கே வீதி விளக்கும் சைக்கிள் தலைக்கவசமும் எங்களைவிடக் கூட இருந்திருக்கும்.

எங்கள் வீதிகளை யோசித்துப் பாருங்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியும் ஏ9உம் போருக்குப் பிறகு காப்பெற் வீதியாகிவிட்டன. ரிப்பரும் சொகுசு பஸ்ஸும் இரவில் பறக்கின்றன. தார் முடிகிற இடத்தில் கிரவல் ஓரம் சில அங்குலம் பதிந்து கிடக்கும். முன்சில்லு அந்த விளிம்பில் இறங்கினால் வெறியில்லாதவரே தடுமாறுவார். இரவில் வீதியில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகள் வேறு. கட்டில்லாத மதகுகள், இரணைமடு வாய்க்கால்கள். முழங்கால் அளவு தண்ணீரில் குப்புற விழுந்து எழும்ப முடியாமல் போகலாம். எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடித்தபின் பார்வை திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். குடித்திருந்தால் அது இன்னும் பிந்தும்.

சைக்கிளில் லைற்றும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் நாங்கள் றேடியோவில் செய்தி கேட்டோம். அப்போது வீட்டுக்கு வீடு டைனமோ இருந்தது. இன்றைக்குப் பின்பக்கத்தில் ஒரு சிவப்பு றிஃப்ளெக்டர்கூட இல்லாத சைக்கிள்கள்தான் கூடுதலாக ஓடுகின்றன. அண்ணாவின் சைக்கிளிலும் இருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறிகொடுக்க லைசன்ஸ் இல்லாததால் சைக்கிள்காரருக்குப் பயம் இல்லை. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல் குறித்த அளவுக்கு மேல் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓடினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை தண்டம். ஜேர்மனியில் சைக்கிள்காரருக்கும் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் கார் லைசன்ஸுக்கே வினை வரும். அங்கே இருக்கும் எங்கட ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தாலும் அது முதலில் பிடிப்பது ஏழைக் கூலிக்காரனைத்தான். அதனால் நான் அதை ஆதரிப்பேனா என்று எனக்கே உறுதியில்லை.

போரின் காயத்தோடு வாழ்பவர்களுக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. தலையில் ஷெல் துண்டு இருப்பவர்களுக்கும் பழைய தலைக்காயம் உள்ளவர்களுக்கும் வலிப்பு வரும் சாத்தியம் கூட. குடியும், தினமும் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் வலிப்பைத் தூண்டும். வலிப்புக் குளிசையும் நித்திரைக் குளிசையும் எடுப்பவர் மேலே சாராயமும் குடித்தால் மயக்கம் இரட்டிப்பாகும். செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுபவர்களை எங்கள் ஊரில் தினமும் காண்கிறோம். பெடலில் பாதம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கால் மூளைக்குச் சொல்லாது. அவர்கள் கண்ணாலும் காதின் சமநிலையாலும்தான் சமாளிக்கிறார்கள். வெடியதிர்ச்சியில் காது பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த உட்காதும் சேர்ந்து பழுதாகியிருக்கலாம். மிச்சமிருப்பதையும் சாராயம் எடுத்துவிடும்.

இனி மச்சாளின் கேள்விக்கு வருகிறேன். இரத்தம் வரவில்லையே?

‘வெறிகாரன் விழுந்தால் அடிபடாது, உடம்பு தளர்ந்திருக்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். வெறியில்லாதவர் விழும்போது கை முன்னால் வரும். மணிக்கட்டு முறியும், தலை தப்பும். குடித்தவருக்குக் கை பிந்தித்தான் வரும் அல்லது வரவே வராது. தலைதான் முதலில் நிலத்தில் படும். நெற்றிப்பொட்டுக்கு அருகில் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு நாடி ஓடுகிறது. ஓடு வெடித்து அந்த நாடி கிழிந்தால் வெளியில் ஒரு துளி இரத்தமும் இல்லாமல் உள்ளே கசியும். தொடக்கத்தில் ஆள் கதைப்பார், நடப்பார், செருப்பைத் தேடுவார். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், சிலவேளை அதைவிடப் பிந்தி, கட்டிய இரத்தம் மூளையை அமத்தத் தொடங்கும். நீண்டகாலம் குடிப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். அதனால் சிறு நாளங்கள் இழுபட்டு, சின்ன அடிக்கே கிழியும். அப்படியானவர்களுக்கு நாட்கள், கிழமைகள் கழித்தும் தலையிடியும் தடுமாற்றமும் வரலாம். ‘பழையபடி குடிச்சிட்டு வந்திருக்கிறான்’ என்று வீட்டில் ஏசுவார்கள்.

இதில் மோசமானது, தலைக்குள் இரத்தக்கசிவின் அறிகுறிகளும் வெறியின் அறிகுறிகளும் ஒன்றுபோல இருப்பது. குழறல், தள்ளாட்டம், சத்தி, நித்திரை, குறட்டை. பார்த்து வேறுபடுத்த உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. வைத்தியர்களே ஸ்கான் எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள்.

2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மச்சாள் சாறத்தைக் கிழித்து எத்தனையோ பேருக்குக் கட்டுப்போட்டவர். இரத்தம் எங்கே வருகிறது என்று தேடி அமத்திப் பிடிக்கத் தெரிந்தவர். அன்றைக்கும் அதைத்தான் தேடினார். தேடியது கிடைக்காதபோது நிம்மதியாகப் படுக்க விட்டார். அவர் செய்த பிழை இதில் எதுவும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆகவே குடித்த ஒருவர் சைக்கிளோடு விழுந்து கிடந்தால், தலை அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரியரில் ஏற்ற வேண்டாம், கழுத்தும் அடிபட்டிருக்கலாம். 1990க்கு எடுங்கள். சுவசெரிய நோயாளர் காவு வண்டி 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. வரும்வரை, சத்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்ப ஒருக்களித்து வையுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்துவிட்டவர் என்றாலும், திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, காதாலோ மூக்காலோ தண்ணீர்போல் வடிதல், எழுப்பினால் எழும்பாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தவறணையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சைக்கிளை அங்கேயே பூட்டி வைக்கச் சொல்லலாம். நடப்பதென்றால் இரண்டு பேராக, வாகனம் எதிரே தெரியும்படி வலது ஓரத்தால் நடக்கலாம். ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொண்டு. அதுவும் ஆபத்தில்லாததில்லை, ஆனால் விழுந்தால் கூட ஒரு ஆள் இருக்கும்.

போன மாசம் மச்சாள் ரெலிபோன் எடுத்தார். பக்கத்து வளவு அண்ணை ஒருவர் சைக்கிளோடு வேலிக் கதியாலுக்குள் விழுந்து கிடந்திருக்கிறார். வீட்டுக்காரர் தூக்கிப் படுக்க வைக்கப் போக, மச்சாள் சண்டை பிடித்து 1990க்கு எடுத்திருக்கிறார். இரவு முழுக்க வைத்தியசாலையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வெறும் வெறிதான் என்று காலையில் விட்டிருக்கிறார்கள்.

“வந்து என்னோட ஒரே கோவம் தம்பி. வெறியெண்டு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியப்பண்ணிப்போட்டியள் எண்டு பேசுறார்” என்று சொல்லிவிட்டு மச்சாள் சிரித்தார்.