முள் சொல்லாத சூடு

நான் கல்லூரியில் பொறியியல் பயின்றுவந்த நாட்களில் என் பெரியப்பாவிடம் ஒரு சரக்கு லாரி இருந்தது. ஓர் இரவு சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பாரம் ஏற்றிச் சென்ற அந்த லாரி, தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் இழுவை குன்றி நின்றுவிட்டது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்த மேஸ்திரி, ஒரு பிஸ்டனை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் தலை மெழுகுபோல் உருகி, நடுவே ஓட்டை விழுந்திருந்தது.

“ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறாய்” என்று பெரியப்பா ஓட்டுநரைக் கடிந்துகொண்டார். “இல்லை முதலாளி, சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை” என்றார் அவர். பழுதுச் செலவில் ஒரு பங்கை அவருடைய சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவாயிற்று. இருவரில் எவர் சொன்னது உண்மை? இவ்வினாவுக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டதையே மாணவ நேயர்களாகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் காற்றை மிகுதியாக அழுத்துவதால் அதன் உஷ்ணம் 500 டிகிரி செல்ஷியசுக்கு மேல் உயர்கிறது. அதில் தூவப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது கூடுவது முதலில் எண்ணெயே; காற்று அன்று. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். வண்டி வெறுமனே நின்று ஓடும்போது இதைப்போல் பன்மடங்கு காற்று உள்ளே இருப்பதால், வெளிவரும் புகை 200 டிகிரியைக்கூட எட்டாதிருக்கலாம். ஏற்றத்தில் எண்ணெய் மிகுந்து, உபரிக் காற்று குறையக் குறையப் புகையின் உஷ்ணம் 600, 700 என்று ஏறுகிறது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் செய்யும் கலவை உலோகமோ அதற்கு முன்னரே இளகத் தொடங்கும். ஆயினும் பிஸ்டன் பிழைத்திருப்பது ஏன்? தான் பெறும் சூட்டை வளையங்களின் வழியே சிலிண்டர்ச் சுவருக்கும், அடிப்புறத்தில் எஞ்சின் எண்ணெய்க்கும் அது ஓயாமல் கொடுத்துவிடுகிறது. வரவு செலவை மிஞ்சும்போதுதான் கேடு விளைகிறது.

தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் இதனை ஏன் சொல்லவில்லை? அடுப்பில் உலை கொதிக்கிறது. விறகை இன்னும் திணித்தால் தீ கொழுந்துவிடும். உலை நீரின் உஷ்ணமோ 100 டிகிரியிலேயே நிற்கும். உலையைக் கொண்டு தீயை அளக்க இயலாது. லாரியிலும் ரேடியேட்டர் செவ்வனே இயங்கும்வரை தண்ணீர் தன் நிலையில் நிற்கிறது. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்களவு புகையோடு வெளியேறிவிடுகிறது. ஆதலால் தீயின் செய்தியைப் புகையிடமே கேட்டறிய வேண்டும்.

கேட்கும் கருவி எளியது. இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடேற்றினால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவை 1821-இல் கண்டறிந்தவர் சீபெக். குரோமெல், அலுமெல் என்னும் கலவைக் கம்பிகள் 700 டிகிரியில் சுமார் 29 மில்லிவோல்ட் தருகின்றன. இந்த முனையை, சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் குழாயில், டர்போவுக்கு முன்னால் பொருத்துவர். டர்போவைச் சுழற்றிய பின் புகை ஆறிவிடுமாதலால், அதற்கு அப்பால் வைத்த முள் குறைத்தே காட்டும்.

அலுமினியப் பிஸ்டன் உள்ள பல எஞ்சின்களில் அந்த முள் 700-ஐ நெருங்கினால் ஓட்டுநர் விழித்துக்கொள்ள வேண்டும். மிதியிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்துவது முதல் வழி. கீழ் கியருக்கு மாறுவது இரண்டாவது; எஞ்சின் விரைந்து சுழல, காற்று மிகும்; ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய எண்ணெய் குறையும். சமவெளியிலும் முள் ஏறி நின்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம்; டர்போவின் காற்றுக் குழாய் கிழிந்திருக்கலாம்.

எங்கள் லாரியின் எண்ணெய்ப் பம்பைச் சோதனை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். உரிய அளவுக்கு மேல் எண்ணெய் பாய்ந்தது. இழுவை கூடட்டும் என்று சில மாதங்களுக்கு முன் பம்பின் திருகை மாற்றி வைக்கச் செய்தவர் பெரியப்பாவேதான்! மிஞ்சிய எண்ணெய் கரும்புகையாய்ப் போனதை இரவின் இருள் மறைத்துவிட்டது.

பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் ஓட்டுநரை அழைத்து, பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமே புகையின் சூட்டைக் காட்டும் முள்ளும் லாரியில் ஏறியது.

இந்நாளைய லாரிகள் பலவற்றில் இவ்வளவையைக் கணினியே எடுத்து, எண்ணெயைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆயினும் முள்ளைப் பார்க்கும் எவரும் அது எதனை அளக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அன்று அந்த முள் பொய் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிய உண்மையை மட்டுமே சொன்னது. அதைத் தீயின் செய்தியாகக் கொண்டது எங்கள் பிழை. அந்தப் பிழைக்கான விலையைக் குற்றமற்ற ஒருவர் கொடுக்க இருந்தார்.