ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை கோடுகள்?

சால்மொனெல்லா டைஃபிமூரியம் என்ற குடல் கிருமியை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிச்சவ்வின் மேல் லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்.பி.எஸ்., நெருக்கமாக நிற்கிறது. அடியில் கொழுப்பு, சவ்வில் ஊன்றி நிற்பதும் நமக்குக் காய்ச்சலைக் கிளப்புவதும் அதுதான். அதன்மேல் சிறிய சர்க்கரைத் தொகுப்பு ஒன்று. அதிலிருந்து வெளிப்பக்கமாக நீளும் சர்க்கரைச் சங்கிலிக்கு ஓ-ஆன்டிஜென் என்று பெயர்.

அந்தச் சங்கிலியைக் கதம்பச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வகைப் பூக்கள், அதாவது மேனோஸ், ராம்னோஸ், கேலக்டோஸ், அபிகுவோஸ் என்ற நான்கு சர்க்கரைகள், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருக்கின்றன.

இதை எப்படிப் பார்ப்பது? கிருமியை எஸ்.டி.எஸ். என்ற சலவைப்பொருளோடு கொதிக்கவைத்தால் சவ்வு கரைந்துவிடும். பிறகு புரோட்டினேஸ்-கே என்னும் நொதியைச் சேர்த்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் புரதங்கள் செரித்துப்போகும். மிஞ்சியதைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல்முனையில் இட்டு மின்சாரம் பாய்ச்சுகிறோம். எதிர்மின்னூட்டம் கொண்ட எல்.பி.எஸ். நேர்மின்முனையை நோக்கிக் கீழே இறங்கும். ஜெல்லின் நுண்துளைகளில் குட்டையானது விரைந்து நழுவும், நீளமானது பின்தங்கும்.

புரதங்களுக்குப் போடும் வழக்கமான நீலச்சாயம் இதில் பிடிக்காது. 1982இல் சாய், ஃப்ராஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அழகான வழி ஒன்றைக் காட்டினார்கள். பெர்அயோடேட் சர்க்கரை வளையங்களைத் திறந்து ஆல்டிஹைடுகளை உண்டாக்கும். அந்த இடங்களில் வெள்ளி படிந்து கருக்கும்.

இப்போது ஜெல்லில் ஏணிப்படிகள் போல வரிசையாகக் கோடுகள் தெரிகின்றன. புதிதாகப் பார்க்கும் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: மாதிரி சுத்தமாக இல்லை, ஏதோ சிதைந்துவிட்டது என்று. ஒரு புரதத்துக்கு ஒரு கோடு என்று பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இத்தனை கோடுகளும் ஒரே பொருள்தான். ஒரு படிக்கும் அதற்கு மேற்படிக்கும் உள்ள வேறுபாடு, சரத்தில் கூடுதலாக ஒரு நாற்பூக் கட்டு, அவ்வளவே. அடிமட்டக் கோட்டில் சரமே இல்லை. அடுத்ததில் ஒரு கட்டு, அதற்கடுத்ததில் இரண்டு. ஒரே கிருமியின் மேலேயே இத்தனை நீளங்களும் கலந்து நிற்கின்றன. அந்தக் கலவையும் தற்செயல் அல்ல. எந்த நீளம் அதிகம் வேண்டும் என்பதை டபிள்யூ-இஸட்-இஸட் (Wzz) என்ற புரதம் நெறிப்படுத்துகிறது. ஏணியின் சில பகுதிகள் மட்டும் அடர்ந்து கருத்திருப்பதற்கு அதுவே காரணம்.

ஏணியே இல்லாமல் அடியில் மட்டும் கோடு தெரிந்தால், அந்தக் கிருமி ஓ-ஆன்டிஜெனை இழந்திருக்கலாம். ஆய்வகங்களில் வளரும் ஈ. கோலை கே-12 அப்படிப்பட்டது. ஆனால் மூளையுறை அழற்சியைத் தரும் நைசீரியாவில் இதே காட்சியைக் கண்டால் எதுவும் தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதற்கு இயல்பிலேயே இந்தச் சரம் கிடையாது.