மாரி வருமுன் கதவைப் பாருங்கள்

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மாரி. அந்த நாட்களில் பல வீடுகளில் கேட்கும் முறைப்பாடு ஒன்று: "கதவு பூட்டுப்படுதில்லை." கணவனை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டோ பிள்ளைகளுடன் தனித்திருக்கும் பெண்ணுக்கு, இரவில் திறாங்கு விழாத கதவு சிறிய விடயமல்ல.

2009இல் யுத்தம் முடிந்த பின் மீள்குடியேறிய எமது பெண்கள் பலர் வீட்டுத்திட்டங்கள் மூலமே வீடு கட்டினர். இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பலருக்கு அது போதாமல் கடனும் வந்தது. கதவும் யன்னலும் கடைசிச் செலவு என்பதால், நன்கு காயாத மரமும் ஒற்றைப் பூச்சுப் பெயின்றுமாக வேலையை முடித்தவர்களும் உண்டு. கடன்பட்டுப் போட்ட கதவை உக்க விடலாமா?

கதவு ஏன் இறுகுகிறது?

மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலப் பக்கமாகப் பருக்கும்; நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. வெயில் வந்ததும் மீண்டும் சுருங்கும். ஆகவே மாரியில் இறுகும் கதவை உடனே சீவுளி போட்டுச் சீவ வேண்டாம். சீவினால் கோடையில் இடைவெளி விழும், பூட்டும் பொருந்தாது. அவசரத்துக்கு, உரசும் விளிம்பில் காய்ந்த சவர்க்காரத்தையோ மெழுகுதிரியையோ தேய்த்து விடுங்கள்.

சில வேளை குற்றம் மரத்தில் இராது. கைபிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் பிணைச்சல் ஆணி தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, துளைக்குள் தீக்குச்சியைப் பசை தடவிச் செருகி, காய்ந்தபின் மீண்டும் முறுக்கினால் போதும்.

ஆவணி, புரட்டாதியில் செய்ய வேண்டியவை

• கதவின் கீழ் விளிம்பையும் மேல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பெயின்ற் படாமல் விடப்படுவது அந்த இடங்களே. மரத்தின் வெட்டுமுகம் அங்கு இருப்பதால் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதும் அவையே. கதவைக் கழற்றி, மரம் தேய்க்கும் தாளால் தேய்த்து, அடிப்பூச்சு ஒன்றும் பெயின்ற் இரண்டு தடவையும் பூசுங்கள். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும்; ஈரத்தின் மேல் பூசினால் பெயின்ற் உரியும்.

• கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் இடத்தில் சல்லிக்கல் பரப்பி, தண்ணீர் ஓடச் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். நிலையின் அடி உக்குவது பெரும்பாலும் இந்தத் தெறிப்பினால்தான்.

• நிலையடியிலும் சுவரிலும் கறையானின் மண்கோடு தெரிகிறதா எனப் பாருங்கள். உடைத்துவிட்டுச் சில நாளில் மீண்டும் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கறையான் உயிரோடு இருக்கிறது. விறகையும் பழைய பலகைகளையும் சுவரோடு அடுக்க வேண்டாம்.

• வேலிக் கட்டைக்குப் பூசும் கழிவு ஒயிலை வீட்டுக் கதவுக்குப் பூசாதீர்கள். அது தோலுக்குக் கெடுதி. பிள்ளைகள் கை வைக்கும் இடம் அது.

வெள்ளம் வந்து போனால்

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த கதவைச் சேறு போகக் கழுவி, நிழலில் காற்றுப்பட ஆறுதலாகக் காயவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பலகை வளையும், வெடிக்கும். முற்றாகக் காய்ந்த பிறகே பெயின்ற்.

எங்களால் முடியும்

தனித்திருக்கும் பெண் வீட்டு வேலைக்கு ஒரு ஆணைக் கூப்பிட்டாலே கதை கட்டும் சமூகம் இது. அதற்கு அஞ்சியே சிறு பழுதுகளைப் பெரிதாக விடுகிறோம். பிணைச்சல் முறுக்குவதும் பெயின்ற் பூசுவதும் எங்கள் கைக்கு அடங்கிய வேலைகள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஒரு பெயின்ற் பேணியைப் பகிரலாம். கதவைக் கழற்ற ஆளுக்காள் கைகொடுக்கலாம். நிலை மாற்றுவது போன்ற பெரிய வேலைக்கு ஓடாவியாரை நாலு வீட்டுக்கும் ஒரே நாளில் அழைத்தால், கூலியையும் பேசித் தீர்க்கலாம், கதைக்கும் இடமிராது.

முதல் மழைக்கு முன் ஒரு பின்னேரத்தை இதற்கென ஒதுக்குங்கள்.