லிங்க் போட்ட எக்செல் ஷீட்டில் சேமித்த எண் மாறிப்போனால் என்ன செய்வது?

2025 ஜூன் மாசம், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியர், கச்சிராயபாளையம் வழியா பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சியில் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் லேப்டாப், முகத்தில் கவலை.

"சார், வரி எவ்ளோன்னு நானே போட்டுட்டேன். 29,900 வருது. கட்டிடலாமா?"

விஷயம் இதுதான். மாசம் 5,000 ரூபாய் வீதம் 48 மாசம் ஒரு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போட்டிருந்தார். கடைசித் தவணை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2024 நவம்பரில், தங்கச்சி கல்யாணத்துக்காக மொத்தத்தையும் விற்றார். கைக்கு வந்தது 3,60,000. அவருடைய ஷீட் காட்டிய லாபம் 3,55,000. அதில் 1,25,000 ரூபாய்க்கு வரி கிடையாது. மீதி 2,30,000க்கு 12.5 சதவீதம், 28,750. அதோடு 4 சதவீதம் செஸ் சேர்த்தால் 29,900. கணக்கில் கூட்டல் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கு. 48 மாசம் கட்டினவருக்கு, ஷீட்டில் "முதலீடு" என்ற கட்டத்தில் வெறும் 5,000 எப்படி வந்தது?

லிங்க் என்பது எண் அல்ல, விலாசம்

அவர் இரண்டு ஃபைல் வைத்திருந்தார். எஸ்ஐபி ஃபைலில் மாசாமாசம் கட்டியது. மெயின் ஃபைலில் எல்லாத்துக்கும் மொத்தம். மெயின் ஃபைல், எஸ்ஐபி ஃபைலின் பி48 கட்டத்தை லிங்க் மூலம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில்தான் 46 மாசத்துக் கூட்டுத்தொகை இருந்தது.

பிறகு ஒருநாள், விட்டுப்போன இரண்டு மாசத் தவணையை நடுவில் இரண்டு ரோ சேர்த்து எழுதினார். அப்போது மெயின் ஃபைல் மூடியிருந்தது. கூட்டுத்தொகை பி50க்கு இறங்கிவிட்டது. மூடியிருந்த மெயின் ஃபைலுக்கு அது தெரியாது. அடுத்த முறை திறந்தபோது "லிங்கை அப்டேட் பண்ணவா?" என்று எக்செல் கேட்டது, அவர் சரி என்றார். பி48ல் இப்போது இருப்பது ஒரு மாசத் தவணை, 5,000. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

இதைத்தான் முதலில் புரிஞ்சுக்கணும். லிங்க் போட்ட கட்டத்தில் இருப்பது இரண்டு: ஒரு விலாசம், கடைசியாகப் பார்த்த எண்ணின் ஒரு நகல். அப்டேட் கொடுத்த நொடியில் அந்த நகல் போய்விடும். இரண்டு ஃபைலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் எக்செல் தானாகவே விலாசத்தைத் திருத்திக்கொள்ளும். ஒன்று மூடியிருந்தால் திருத்தாது.

ரெஃப் பிழை, வேல்யூ பிழை எல்லாம் நல்லவை. கத்திக் காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாமல் மாறும் எண்தான் ஆபத்து. 2020ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையில், பழைய வகை எக்செல் ஃபைலில் 65,536 ரோவுக்கு மேல் இடமில்லாததால் 15,841 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் விடுபட்டன. பெரிய அரசாங்கத்துக்கே அந்த கதி.

எண் மாறிப்போச்சுன்னா என்ன பண்ணணும்?

1. முதலில் சேவ் பண்ணாதீங்க. ஃபைலை மூடி, ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை பாருங்க. திறக்கும்போது அப்டேட் கேட்டால் "டோன்ட் அப்டேட்" கொடுங்க.

2. டேட்டா மெனுவில் "எடிட் லிங்க்ஸ்" பாருங்க. புது வெர்ஷனில் "வொர்க்புக் லிங்க்ஸ்" என்று இருக்கும். எந்த ஃபைலைத் தேடுது, எங்கே தேடுது என்று அங்கே தெரியும். ஃபைல் இடம் மாறியிருந்தால் "சேஞ்ச் சோர்ஸ்" கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்க.

3. சோர்ஸ் ஃபைலைத் திறந்ததும் எண் சரியாகி, மூடினால் பிழை வருதா? ஃபார்முலாவைப் பாருங்க. இன்டைரக்ட், சம்இஃப், கவுன்ட்இஃப் மூணும் மூடியிருக்கும் ஃபைலிலிருந்து எடுக்காது. விலுக்கப் எடுக்கும்.

4. ஒன்டிரைவிலோ கூகுள் ஷீட்ஸிலோ வைத்திருந்தால் "வெர்ஷன் ஹிஸ்டரி" போய்ப் பழைய தேதிக்குத் திரும்பலாம்.

5. கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட்ரேஞ்ச் போட்டிருந்தால், முதல் தடவை "அலவ் ஆக்சஸ்" கொடுத்தீங்களா என்று பாருங்க. நெட் இல்லாத இடத்தில் அது புதுப்பிக்காது. மலை மேலே சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இருக்கறவங்க இதை நம்பி உட்கார வேண்டாம்.

திரும்ப நடக்காமல் இருக்க

கூட்டுத்தொகையை அடியில் போடாதீங்க, உச்சியில் போடுங்க. முதல் ரோவில் டோட்டல், அதுக்குக் கீழே தவணைகள். கூட்டும் எல்லையை 500வது ரோ வரைக்கும் தாராளமாகக் கொடுங்க. எத்தனை ரோ சேர்த்தாலும் டோட்டல் நகராது. இல்லையென்றால் டோட்டல் கட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்கு லிங்க் போடுங்க.

எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வைங்க. வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகும்போது ஃபோல்டரையே கொண்டு போங்க. மெயின் ஃபைலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் லிங்க் அறுந்த மாதிரிதான்.

முக்கியமானது: வருஷம் முடிந்ததும், மார்ச் 31 கணக்கை ஒரு தனி ஷீட்டில் "பேஸ்ட் வேல்யூஸ்" கொடுத்து ஒட்டிவிடுங்க. மேலே தேதி எழுதுங்க. அந்த ஷீட்டில் ஒரு லிங்க்கூட இருக்கக் கூடாது. "பிரேக் லிங்க்" கொடுத்தாலும் எண்ணாக மாறும், ஆனால் அதை அன்டூ பண்ண முடியாது. நகல் எடுத்துட்டுச் செய்யுங்க.

அந்த ஆசிரியர் கணக்கு என்ன ஆச்சு?

எஸ்ஐபி ஃபைல் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது, மலை மேலே. அதுக்காகத் திரும்பிப் போகத் தேவையில்லை. கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் மெயில் ஐடி கொடுத்தால் எல்லா ஃபண்டுக்கும் சேர்த்த ஸ்டேட்மென்ட் மெயிலுக்கு வரும். வந்தது. 48 தவணை, 2,40,000 ரூபாய். உண்மையான லாபம் 1,20,000. வரம்பு 1,25,000. அந்த லாபத்துக்கு வரி பூஜ்யம். அந்த வருஷத்திலிருந்து இவ்வளவு லாபத்தை ஐடிஆர்-1லேயே காட்டலாம் என்பதால் ஃபார்மும் மாறவில்லை.

"29,900 ரூபாய் சார்... ரெண்டு ரோவுக்கு" என்றார்.

ஃபண்டுக்கு ஸ்டேட்மென்ட் இருக்கு. சம்பளத்துக்கு ஃபார்ம் 16 இருக்கு. ஆனால் ஊரில் போட்ட சீட்டு, அண்ணனுக்குக் கொடுத்த கைமாத்து, அம்மாவுக்கு வாங்கின நகை, இதுக்கெல்லாம் உங்க ஷீட்டை விட்டால் வேற சாட்சி கிடையாது. அந்தக் கட்டங்களில் லிங்க் வேண்டாம், எண்ணையே எழுதுங்க.

இன்னைக்கு ராத்திரி உங்க ஷீட்டைத் திறந்து "எடிட் லிங்க்ஸ்" மட்டும் பாருங்க. எத்தனை லிங்க் இருக்கு என்று கமென்ட்டில் சொல்லுங்க. ஸ்கிரீனில் ஒவ்வொரு படியாக வீடியோவில் காட்டியிருக்கேன்.