விமானம் இரத்தாகும்போது பயணியின் உரிமைகள்: மேகமலைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

தேனி மாவட்டத்தில் பயணியர் விமான நிலையம் இல்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டப் பகுதியினர் சின்னமனூருக்கு இறங்கி, தேனி வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தே மதுரை விமான நிலையத்தை அடைகின்றனர். அங்கு விமானம் இரத்தானால் அப்பயணமும் செலவும் வீணாகின்றன. இந்நிலையில் உள்நாட்டுப் பயணிக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பினை இக்கட்டுரை விளக்குகிறது.

இரத்தும் இழப்பீடும்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய விதிமுறைகளே இதற்கு அடிப்படையாகும். விமானம் இரத்தானால், பயணி ஏற்கும் வகையில் மாற்று விமானமோ கட்டணத் திருப்பமோ அளிக்கப்பட வேண்டும். புறப்பாட்டிற்கு 24 மணி நேரம் முன்பு வரை தகவல் தரப்படாவிடில் இழப்பீடும் உண்டு. பறப்பு நேரம் 1 மணி வரை எனில் ரூ.5,000, 2 மணி வரை எனில் ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதனினும் குறைவாயின் அதுவே வழங்கப்படும். முன்பதிவில் முறையான தொடர்பு விவரம் தராதவர்க்கு இழப்பீடு இல்லை. ஆதலின், முகவர் வழியாகப் பதிவு செய்வோர் தம் கைபேசி எண் பதிவாகியுள்ளதை உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.

தாமதம்

இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் 2 மணி நேரத் தாமதத்திற்கு உணவு வழங்கப்பட வேண்டும். தாமதம் 6 மணி நேரத்தைக் கடந்தால், பயணி மாற்று விமானத்தையோ முழுக் கட்டணத்தையோ கோரலாம்.

வானிலை

இயற்கைப் பேரிடர், மோசமான வானிலை போன்ற தவிர்க்கவியலாக் காரணங்களால் விமானம் இரத்தானால் இழப்பீடு இல்லை. எனினும் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நீங்குவதில்லை. 2007 டிசம்பரில் தில்லி மூடுபனியால் தாமதமான ஐதராபாத் விமானம் குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011இல் இழப்பீட்டையும் வசதியளித்தலையும் வேறுபடுத்திக் காட்டியது. மூடுபனித் தாமதத்திற்கு இழப்பீடு இல்லை என்ற அத்தீர்ப்பு, காத்திருக்கும் பயணிக்கு அடிப்படை வசதி அளிக்கும் கடமை குறைந்த கட்டண நிறுவனங்களுக்கும் உண்டு என்றது.

தேனியிலேயே முறையீடு

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ வழக்கு மூலம் எழுந்த இடத்திலோதான் முறையிட இயலும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையீட்டாளர் வசிக்கும் இடத்தையும் சேர்த்தது. எனவே மேகமலைவாசி தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம். காலவரம்பு 2 ஆண்டுகள். செலுத்திய தொகை ரூ.5 இலட்சம் வரை எனில் முறையீட்டுக் கட்டணம் இல்லை.

முடிவுரை

இழப்பீட்டைத் தீர்மானிப்பது தாமத நேரம் மட்டுமன்று, அதன் காரணமுமாகும். ஆகவே பயணச்சீட்டு, குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பேணுவதுடன், இரத்துக்கான காரணத்தை எழுத்துவழிக் கேட்டுப் பெறுவதும் உரிமையை நிலைநாட்டத் துணைசெய்யும்.