மரியோவுக்கு இரண்டு இரண்டாம் பாகங்கள்

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கருவியான கன்சோலுக்கென நின்டென்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு, அடுத்த ஆண்டே ஜப்பானில் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தையே பெரிதும் ஒத்திருந்த அதில், வலுவூட்டும் காளானைப் போலவே தோன்றி, தொட்டவுடன் கெடுதல் செய்யும் நச்சுக்காளானும் புகுத்தப்பட்டிருந்தது. அமெரிக்கர்களுக்கு இது அளவுமீறிக் கடினமானது எனக் கருதப்பட்டதால், 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு ஜப்பானிய விளையாட்டின் பாத்திரங்களை மாற்றி, அதையே மரியோவின் இரண்டாம் பாகமாக 1988-இல் அங்கு விற்றனர்.

மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி எதிரிமேல் எறிவதும், பாத்திரங்களுள் ஒருவரான இளவரசி சிறிது நேரம் காற்றில் மிதப்பதும் இந்த ஒட்டுச்செடியில் காய்த்த புதுமைகளே. பழையதைக் கடினமாக்கித் தருவதைவிட (அதற்கும் தீவிர ரசிகர்கள் உண்டு) இதுவே மேலான தொடர்ச்சி எனலாம். ஜப்பானியர்க்கும் அது 1992-இல் 'சூப்பர் மரியோ யுஎஸ்ஏ' என்னும் பெயரில் கிடைத்தது.